சுமாரியல்: கையடக்க விளையாட்டுக் கருவிகளின் மதிப்புரை மரபில் ஏழு என்னும் எண் (நூற்பாவும் உரையும்)

நல்ல விளையாட்டுகளுக்கு எழுந்த மதிப்புரைகளை ஆராய்ந்தோர் உளர். மோசமான விளையாட்டுகளுக்கு எழுந்தவற்றைத் தொகுத்துச் சிரித்தோர் அவரினும் பலர். இரண்டுக்கும் நடுவே கிடக்கும் சுமார் ரக விளையாட்டுகளுக்கு எழுந்த மதிப்புரைகளை மட்டும் எவரும் சீந்தவில்லை. இஃது இத்துறையில் ஒரு பெரும் இடைவெளி. ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் ஓர் இடைவெளியைக் காட்டியாக வேண்டும் என்பது பல்கலைக்கழக விதி. அதை நிரப்ப யாருக்கும் விருப்பமில்லாததுதான் இடைவெளிக்குக் காரணமோ என்று கேட்கக் கூடாது என்பது எழுதப்படாத விதி.

ஆய்வு எல்லை: 1989-இல் வந்த கேம்பாய் முதல் நின்டெண்டோ 3டிஎஸ் வரை. சோனியின் கருவிகள் வேண்டுமிடத்து மட்டும் எடுத்தாளப்படும். செகாவின் கேம்கியர் ஆறு பேட்டரிகளைத் தின்றுவிட்டுச் சில மணி நேரத்தில் அணைந்துபோகும். ஆதலால் அதில் ஒரு சுமார் விளையாட்டை முழுக்க ஆடிப் பார்த்து எழுதிய மதிப்புரையாளர் இருந்திருக்க இயலாது எனக் கொண்டு அது விலக்கப்பட்டது.

ஏழே நடுவென மொழிப ஐந்தெனின்
பாழே அதுவெனல் பழகிய வழக்கே.

என்பது முதல் நூற்பா. யாத்தவன் யானே; உரையும் யானே; மறுப்புரைக்கு மட்டும் பிறர் வேண்டும். இதன் பொருள்: பத்துக்கு ஏழு வாங்கியது சுமார். ஐந்து வாங்கியது சுமார் அன்று, பாழ். பத்தில் பாதி ஐந்தாயிற்றே எனின், அது கணக்கர் கூற்று. மதிப்புரையாளர் கணக்கு அமெரிக்கப் பள்ளிக்கூடத்தில் பயின்றது. அங்கே நூற்றுக்கு எழுபது என்பது பொதுவாக ‘சி’ கிரேடு. அறுபதுக்குக் கீழே போனால் ஃபெயில். முப்பத்தைந்தில் பாஸ் போடும் ஊரில் வளர்ந்தவர் பத்துக்கு ஏழு என்பதைக் கண்டதும் முதல் வகுப்பு என்று மகிழ்ந்து காசைக் கொடுத்துவிடுவார். அமெரிக்கச் சிறுவனோ அதே எண்ணைக் கண்டு கேசட்டைத் திரும்ப அலமாரியில் வைப்பான். இருவரும் படித்தது ஒரே மதிப்புரை.

2001-இல் தொடங்கிய மெட்டாகிரிட்டிக் இந்த வழக்கைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. அங்கே திரைப்படம் 61 எடுத்தால் பச்சைப் பெட்டி. விளையாட்டுக்குப் பச்சை வேண்டுமானால் 75 எடுக்க வேண்டும். 50 முதல் 74 வரை மஞ்சள். ஒரே தளத்தில் 65 எடுத்த படம் பச்சையாய்ச் சிரிக்க, 65 எடுத்த விளையாட்டு காமாலை கண்டு கிடக்கும். விளையாட்டுக்கு மட்டும் ஏன் இந்தக் கடுமை எனின், அது கடுமையன்று. மற்றவர்கள் அள்ளிக் கொடுப்பார்கள் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்த வேலி. மெட்டாகிரிட்டிக் எண்ணில் ஒன்று குறைந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கையடக்கமல்லாத ஓர் எடுத்துக்காட்டு: 2010-இல் ஃபால்அவுட்: நியூ வேகஸ் என்னும் விளையாட்டைச் செய்த அப்சிடியன் நிறுவனத்துக்கு 85 வந்தால் ஊக்கத்தொகை என்று பேச்சு. வந்தது 84. இதற்கு உரை எழுத எனக்கு மனம் வரவில்லை.

பிரிட்டனின் எட்ஜ் இதழ் நெடுங்காலம் ஐந்தே நடு என்று பிடிவாதமாக நின்றது. பிறகு ஒருநாள் தன் அளவுகோலுக்கு விளக்கமாக, 1 என்றால் ஒன்று, 2 என்றால் இரண்டு எனப் பத்துவரை அச்சிட்டுவிட்டது. உரை மரபில் இவ்வளவு நேர்மையான அருஞ்சொற்பொருளைக் கண்டதில்லை. நம் பதவுரை நோட்ஸ்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன. அவற்றுக்கு விலை கூடுதல்.

ஜப்பானின் ஃபாமிட்சு இதழில் நால்வர் அமர்ந்து ஆளுக்குப் பத்து வீதம் நாற்பதுக்கு மதிப்பெண் இடுவர். நால்வரும் ஏழு போட்டால் இருபத்தெட்டு. பார்ப்பதற்குக் கௌரவமான எண். ஒரு சுமாரை நான்கு பேர் பகிர்ந்துகொள்வதால் தனிப்பட்ட பழி எவர்மேலும் விழாது. தேர்வுக்குழு என்னும் அமைப்பை வேறெப்படி விளக்குவது? இதே நால்வர் 2005-இல் டிஎஸ் கருவிக்கு வந்த நின்டெண்டாக்ஸ் என்னும் நாய்க்குட்டி வளர்ப்பு விளையாட்டுக்கு நாற்பதுக்கு நாற்பது கொடுத்தனர். நாயைக் கண்டால் நடுவுநிலைமை கரையும் என்பது இதனாற் பெறப்படும்.

இனி வகை. சுமார் மதிப்புரை அறுவகைப்படும்: பயணம், விளக்கு, ஓவியம், துளை, இனம், நீர்.

‘பஸ் பயணத்தில் பொழுது போகும்’ என முடிவது பயண மதிப்புரை. இதை எழுதியவர் பஸ்ஸில் ஏறியதற்குச் சான்றில்லை.

விளக்கு மதிப்புரை வாழ்ந்த காலம் குறுகியது. 2001-இல் வந்த கேம்பாய் அட்வான்ஸ் திரைக்கு உள்விளக்கு கிடையாது. அதே ஆண்டு அதற்கு வந்த காசில்வேனியா: சர்க்கிள் ஆஃப் த மூன் நடப்பதோ ஓர் இருட்டுக் கோட்டையில். சன்னலோரம் போய், கருவியை ஒரு கோணத்தில் சாய்த்துப் பிடித்தால் நாயகன் தெரிவான்; இல்லையேல் நம் மூக்கு தெரியும். ஆகவே விளையாட்டை மதிப்பிட உட்கார்ந்தோர் பாதி நேரம் வெளிச்சத்தை மதிப்பிட்டு எழுந்தனர். 2003-இல் எஸ்பி என்னும் மடக்குக் கருவி விளக்கோடு வந்ததும் ஒரு மரபே வேலையிழந்தது.

கிராஃபிக்ஸ் பிரமாதம், ஆடுவதற்குத்தான் ஒன்றுமில்லை என்பது ஓவிய மதிப்புரை. இரிடியன் 3டி என்னும் விளையாட்டைப் பார்க்க.

துளை மதிப்புரை சற்றே நுட்பமானது. 2004 இறுதியில் வந்த டிஎஸ் கருவிக்கு இரண்டு திரை. கீழ்த்திரை தொடுதிரை. கூடவே ஒலிவாங்கிக்கு ஒரு சிறு துளை. கருவியில் துளை இருக்கக் கண்டபின் அதில் ஊதச் சொல்லாதிருக்க விளையாட்டு செய்வோரால் முடியவில்லை. மெழுகுவத்தியை ஊதி அணை, தூசியை ஊதித் தள்ளு என்று கட்டளைகள் பிறந்தன. மதிப்புரையாளருக்கு இது கொண்டாட்டம். தொடுதிரையைப் பயன்படுத்தினால் ‘வலிந்து திணித்திருக்கிறார்கள்’ என்று எழுதலாம். பயன்படுத்தாவிட்டால் ‘கருவியின் ஆற்றலை வீணடித்திருக்கிறார்கள்’ என்று எழுதலாம். வாய்மொழித் தேர்வுக்கு வரும் புறத்தேர்வாளர் இந்த உத்தியை நன்கறிவார்: ‘கோட்பாடு ஏன்?’, ‘கோட்பாடு எங்கே?’ பின்னர் 3டிஎஸ் வந்தபோது முப்பரிமாணப் படத்துக்கும் இதே கதி. 2013-இல் முப்பரிமாணமே இல்லாத 2டிஎஸ் கருவியை நின்டெண்டோ வெளியிட்டது. ஆசிரியரே பாட வேறுபாட்டை ஏற்றுக்கொண்ட அரிய இடம் இது. இவ்வகையின் உச்சம் பிங் பால்ஸ் என்னும் டிஎஸ் விளையாட்டு. இருவர் எழுத்தாலும் படத்தாலும் அரட்டை அடிக்கலாம் என்பது அதன் சிறப்பு. ஒவ்வொரு டிஎஸ் கருவிக்குள்ளும் பிக்டோசாட் என்ற பெயரில் அதே அரட்டை ஏற்கெனவே இலவசமாக இருந்தது அதன் சோகம். முன்னரே உள்ளதை அட்டை மாற்றி விலைக்கு விற்பது பதிப்புத்துறையினருக்கு அதிர்ச்சி தராது.

‘இவ்வகை விரும்புவோர்க்கு இது பிடிக்கும்’ என்பது இன மதிப்புரை. அணிந்துரைகளில் பயில்வது.

ஆறாவது நீர். இதுவே இவ்வாய்வின் உயிர்நிலை.

2014 நவம்பரில் 3டிஎஸ் கருவிக்குப் போகிமான் ஒமேகா ரூபி, ஆல்ஃபா சஃபையர் என இரட்டையர் வந்தனர். 2002-இல் கேம்பாய் அட்வான்ஸுக்கு வந்த பழைய ரூபி, சஃபையர் ஆகியவற்றின் மறு ஆக்கம். ஐஜிஎன் தளம் பத்துக்கு 7.8 கொடுத்தது. மதிப்புரையின் அடியில் நிறை, குறை என்று பட்டியல். குறைகளுள் ஒன்று: தண்ணீர் அதிகம்.

நீர்மிகின் குறையே நிலமிகின் நிறையே
ஊர்மிகின் உரைப்போர் உளப்பாங் கதுவே.

என்பது இதற்கு நூற்பா. 7.8 சுமார் ஆகுமோ எனின், எட்டாதது எட்டு ஆகாது, ஆகவே ஏழே.

இதற்கு உரை கண்டோர் ஐவர். (ஐவரும் இக்கட்டுரையின் தேவைக்கென்றே பிறந்தவர்கள். இதற்கு முன்னும் பின்னும் வாழ்க்கை இல்லாதவர்கள். ஆயினும் ஒருவரையொருவர் தாக்காமல் இருந்ததில்லை.)

முதலாமவர் அளவைக் கட்சி. ஹோயென் என்னும் அந்நிலப்பரப்பில் 101 முதல் 134 வரை எண்ணிட்ட வழிகள் உண்டு. அவற்றுள் 124 முதல் 134 வரை பதினொன்றும் கடல்வழி. ஆகவே குறை கணக்கால் நிறுவப்பட்டது என்பார். அவரிடம் வேறு சரக்கில்லை.

இரண்டாமவர் திணைக் கட்சி. நீர் மிகுதல் நெய்தல். நெய்தலில் நீர் மிகாமல் வேறெது மிகும் என்று முதலாமவரை மடக்குவார். குறை முதற்பொருளில் இல்லை, கருப்பொருளில் உள்ளது என்பது இவர் துணிபு. கடலெங்கும் டென்டகூல் என்னும் சொறிமீன், வானெங்கும் விங்கல் என்னும் கடற்காக்கை. நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல். இங்கே இரங்குவது தலைவி அல்லள். நாலு கட்டம் நீந்துவதற்குள் மீண்டும் அதே டென்டகூல் வந்து வழிமறிக்கும் விளையாட்டுக்காரர். இவ்வுரையை நான் ஏற்கிறேன். நானே எழுதியது என்பதற்காக அன்று.

மூன்றாமவர் நிலவியலார். ஹோயென் வரைபடம் ஜப்பானின் கியூஷூ தீவைத் திருப்பி வைத்து வரைந்தது. தீவு என்றாலே சுற்றிலும் தண்ணீர். எனவே இக்குறையைக் கியூஷூ மக்களிடம் முறையிடுக என்பார்.

நான்காமவர் அரசியலைப் புகுத்துவார். கதைப்படி அந்நாட்டில் இரண்டு கூட்டங்கள்: டீம் மாக்மா நிலத்தைப் பெருக்கத் துடிப்பது, டீம் அக்வா கடலைப் பெருக்கத் துடிப்பது. தண்ணீர் அதிகம் என்று எழுதியதன்மூலம் மதிப்புரையாளர் தம்மை மாக்மாவின் உறுப்பினராக வெளிப்படுத்திவிட்டார் என்பது இவர் வாதம். அகச்சான்று கொண்டு ஆசிரியரின் சமயத்தைக் கண்டுபிடிக்கும் நம் காலவாராய்ச்சி முறையே இது. எதிர்த்தரப்புப் பேராசிரியர் ஓய்வுபெறும்வரை இதை மறுக்க முடியாது.

ஐந்தாமவர் ஆழங்கால்பட்டவர். விளையாட்டில் நீர்மேல் நீந்தலாம். மூழ்கிக் கடலடியிலும் செல்லலாம். மறு ஆக்கத்தில் புதிதாக லாட்டியோஸ், லாட்டியாஸ் மீதேறி வானிலும் பறக்கலாம். ஆக ஒரே தண்ணீரை மேலிருந்து ஒருமுறை, உள்ளிருந்து ஒருமுறை, வானிலிருந்து ஒருமுறை என மூன்றுமுறை எண்ண வேண்டுமா, ஒருமுறை எண்ணினால் போதுமா? இதற்கு அவர் காட்டும் சான்று: இன்னும் எழுதப்படாத ‘நீர்மிகை விளக்கம்’, இரண்டாம் தொகுதி, முதல் தொகுதிக்கு முன் வெளிவரவிருப்பது, ஒட்டிக்கொண்ட இரு பக்கங்களுக்கு நடுவே. அங்கே ‘விரிவுக்கு மேலது காண்க’ என்றிருக்கும். மேலதில் ‘சுருக்கத்துக்குக் கீழது காண்க’ என்றிருக்கும். இரண்டுக்கும் இடையில் நீந்திக் கரைசேர்ந்தவருக்கு முனைவர் பட்டம் வழங்கப்படும்.

ஐவரும் செய்யாத ஒன்றுண்டு. மதிப்புரையைப் படிக்கவில்லை. கட்டுரைக்குள் காரணம் இருந்தது. கடல்வழி மிகுந்தால் எதிர்ப்படுவதெல்லாம் நீர்வகைப் போகிமானாகவே இருக்கும். எந்த வகையை வளர்த்தாலும் பயனுண்டு என்ற சமநிலை குலையும். ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம், ஆனால் அது வாதம். அடியில் கிடந்த இரண்டு சொல் சுருக்கம் உலகைச் சுற்றி வந்தது. மேலே கிடந்த வாதம் அங்கேயே கிடந்தது. சுருக்கத்தைப் படித்துவிட்டு நூலை மேற்கோள் காட்டும் பழக்கம் சிறுவர்களிடம் எப்படித் தொற்றியது என்று பேராசிரியர்கள் கவலைப்படுகிறார்கள். பாவம், அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இடைச்செருகலாக ஒன்று. 1988 முதல் 2012 வரை வந்த நின்டெண்டோ பவர் இதழை நெடுங்காலம் நின்டெண்டோவே நடத்தியது. தன் கருவிக்கான விளையாட்டைத் தன் இதழில் தானே மதிப்பிட்டுக்கொண்டது. இதைக் கேட்டு முகம் சுளித்த ஒரு துறைத்தலைவர், தம் துறை மாணவர் கட்டுரையைத் தம் துறை இதழில் தாமே பரிசீலித்து வெளியிடுவதற்காக விரைந்து எழுந்து சென்றார் என்று ஆறாம் உரைகாரர் ஒருவரைப் படைத்துச் சொல்ல வைக்கலாம்.

புறனடை: முற்றும் மோசமான விளையாட்டுகள் இவ்விலக்கணத்துள் அடங்கா. 2012-இல் சோனியின் வீட்டா கருவிக்குக் கால் ஆஃப் டியூட்டி: பிளாக் ஆப்ஸ் டீகிளாசிஃபைடு வந்தது. தனியாள் ஆட்டம் முழுவதும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதற்கு எழுந்த மதிப்புரைகளைப் பாருங்கள்: அத்தனை பேருக்கும் திடீரென்று நடை வந்திருக்கிறது, கோபம் வந்திருக்கிறது, உவமை வந்திருக்கிறது. ‘பஸ் பயணத்தில் பொழுது போகும்’ என்று ஒருவர்கூட ஒப்புக்குச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை. அவற்றுக்குத் தனி நூல் வேண்டும். நல்கைக்கு விண்ணப்பித்திருக்கிறேன், தலைப்பில் ‘பன்னாட்டு’ என்ற சொல் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.