செயின் லூசு: ஓர் ஒலியியல் ஆய்வு

மோட்டார் சைக்கிளின் செயின் தேய்ந்துவிட்டதா என்று கண்டறிய முறையான வழிகள் மூன்று உண்டு எனினும், தமிழகச் சாலைகளில் வழக்கில் இருப்பது நான்காவது வழியே ஆகும். அதாவது, சிக்னலில் அருகே வந்து நிற்கும் முன்பின் அறியாத ஒருவர் "அண்ணே, செயின் லூசா இருக்கு" என்று சொல்லும்வரை காத்திருத்தல். அம்மூன்று வழிகளையும் இக்கட்டுரை முறையே விளக்கும். அதற்கு முன் ஒலி குறித்துச் சிறிது சொல்ல வேண்டியுள்ளது.

செயின் எழுப்பும் ஒலிகள் யாவும் இரட்டைக்கிளவி வகையைச் சேர்ந்தவை. எண்ணெய் வறண்ட செயினில் முதலில் பிறப்பது 'சரசர' என்பது. உரிமையாளர் இதைக் காற்றின் ஒலி என்றே கொள்வார். அடுத்த நிலையான 'சளசள', செயினின் கீழ்ப்பகுதி தளர்ந்து ஆடுவதால் எழுவது; தலைக்கவசம் அணிந்தால் இது கேட்பதில்லை என்பதால், நோய் தீர்ந்ததாகவே கருதப்படும். மூன்றாவதான 'கடகட', செயின் தன் கவரின் உட்புறத்தில் மோதுவதால் உண்டாவது. இந்நிலையை எட்டிய வண்டி தெருமுனையில் திரும்பும்போதே வீட்டில் காபிக்குப் பால் வைக்கப்படுவதால், பழுதுபார்ப்பது குடும்ப நலனுக்கு எதிரானதாகிவிடுகிறது. நான்காவதான 'டக்டக்', செயின் ஒரு பல்லை விட்டு அடுத்த பல்லுக்குத் தாவுவதைக் குறிக்கும்; இவ்வொலிக்கு, கிளட்சை மெல்ல விட்டு நாகரிகமாக ஓட்டுவதே மருந்து என்று பலரும் கண்டறிந்துள்ளனர். மழைக்காலத்துக்கே உரிய 'மொறுமொறு' என்பதை ஐந்தாவதாகச் சேர்ப்பாரும், அது வடைக்கே உரியது என மறுப்பாரும் உளர். மறுப்பவர்கள் மண் புகுந்த செயினைக் கேட்டறியாதவர்கள். இவை அனைத்தையும் மெக்கானிக்கிடம் வாயாலேயே ஒலித்துக் காட்ட வேண்டியிருப்பதால், ஓட்டுநர் உரிமத்தோடு ஓரளவு பலகுரல் திறனும் தேவைப்படுகிறது.

இனிக் காரணத்துக்கு வரலாம். செயின் 'நீண்டுவிட்டது' என்று சொல்லப்பட்டாலும், அதன் எஃகுத் தகடுகள் ரப்பர்போல் இழுபடுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் பின் எனப்படும் சிறு அச்சும், அதைச் சூழ்ந்த புஷ் எனப்படும் குழலும் ஒன்றையொன்று தேய்க்கின்றன. 1880 இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு காப்புரிமை பெற்ற உருளைச் செயினின் அடிப்படை அமைப்பே இன்றும் தொடர்வதால், தேய்மானமும் மாறவில்லை. சிறு வண்டிகளில் பரவலாக உள்ள 428 வகையில் அடுத்தடுத்த இரண்டு பின்களுக்கு இடையே 12.7 மி.மீ. இருக்கும்; கண்ணிக்கு 0.1 மி.மீ. கூடினாலே நூறு கண்ணிகளில் 10 மி.மீ. கூடிவிடும். அதன்பின் செயினின் இடைவெளியும் ஸ்ப்ராக்கெட்டின், அதாவது பல்சக்கரத்தின், இடைவெளியும் பொருந்தாமற்போக, சில பற்களே சுமையைத் தாங்கி, ஒரு பக்கம் தேய்ந்து கொக்கிகளாகின்றன.

முதல் வழி, வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சின் அணைந்த நிலையில் சக்கரத்தைக் கையால் சுற்றியபடியே, செயினின் கீழ்ப்பகுதி எவ்வளவு ஆடுகிறது என்று பல இடங்களில் பார்ப்பது. ஓரிடத்தில் இறுகியும் ஓரிடத்தில் தொங்கியும் இருந்தால் சீரற்ற தேய்மானம் உறுதி. இரண்டாவது, பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைசி விளிம்பில் செயினைப் பின்னோக்கி இழுப்பது. பாதிப் பல் வெளியே தெரிந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. முழுச் செயின் கவர் உள்ள வண்டியில் கவரைக் கழற்றினால்தான் இதைக் காண முடியும் என்பதால், காணாமல் இருப்பதே மரபாகிவிட்டது. மூன்றாவது வழிக்கான இடம் முழுவதையும் ஒலியியல் எடுத்துக்கொண்டது.

இவ்வாய்வுக்கு உடனடிக் காரணம், "ஸ்ப்ராக்கெட் நல்லாத்தான் இருக்கு, செயின் மட்டும் போதும்" என்ற தீர்ப்போடு சென்ற வாரம் ஒரு பணிமனையிலிருந்து திரும்பி, இன்று மீண்டும் 'கடகட'வை எட்டியிருக்கும் ஒரு வண்டியாகும். கொக்கிப் பற்கள் புதுச் செயினை விரைவில் கெடுத்துவிடும் என்பதாலேயே முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட், செயின் மூன்றும் 'செயின் செட்' என்று ஒரே அட்டைப்பெட்டியில் விற்கப்படுகின்றன. இரட்டைக்கிளவியைப் போலவே இவற்றையும் பிரித்தால் பொருளில்லை. அட்ஜஸ்டரின் கடைசிக் கோடுவரை இழுத்தபின் "ஒரு லிங்க் எடுத்துடலாம்" என்பதும், கரியும் உலோகத் துகளும் கலந்த கழிவு ஆயிலைச் செயின்மீது ஊற்றிப் பின்னால் அமர்பவரின் சேலையில் புள்ளிக்கோலம் இடுவதும் சிகிச்சை ஆகா.

புதிய செட் மாட்டும்போது, செயின் லாக் எனப்படும் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கியே இருக்க வேண்டும். மாறியிருந்தால் மெக்கானிக் கை கழுவப் போவதற்குள் சொல்லிவிடவும்.