பல் பிடித்துப் பார்த்தல்: பழைய பந்தயக் கார் கியர் வாணிபம் குறித்த ஓர் ஆய்வு

மாட்டுக்குப் பல் உண்டு, கியருக்கும் பல் உண்டு. இரண்டும் சந்தைக்கு வருகின்றன. இரண்டையும் விற்பவர் “வயசு ஒண்ணும் அதிகமில்லை” என்கிறார். வாங்குபவர் அதை நம்பாமல் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார். ஒற்றுமை இவ்வளவு பளிச்சென்று இருந்தும், இவ்விரு துறைகளையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்த தமிழ் ஆய்வேடு எதுவும் என் கண்ணில் படவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கும் பொறுப்பை, யாரும் கேட்டுக்கொள்ளாமலே, இக்கட்டுரையாளன் ஏற்றுக்கொண்டான்.

ஆய்வின் எல்லை: 1960களிலும் 70களிலும் ஓடிய ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களின் பழைய கியர்பாக்ஸ் சாமான்கள். களம்: இங்கிலாந்து. கருதுகோள்: விற்பவர் வாய் என்ன சொன்னாலும் கியரின் பல் உண்மையைச் சொல்லிவிடும். நெறியாளர்: மணப்பாறைப் பக்கம் நாற்பது வருடம் மாட்டுத் தரகு பார்த்த என் பெரியப்பா. அவர் பந்தயக் காரை வாழ்நாளில் பார்த்ததே இல்லை என்பதால் நெறியாளரின் நடுநிலை பற்றி ஐயமெழ இடமில்லை.

முதலில் சொல்லாராய்ச்சி. இந்தச் சந்தையில் யாரும் “கியர்பாக்ஸ் இருக்கிறதா” என்று கேட்பதில்லை. “ஹ்யூலண்ட் இருக்கிறதா” என்றே கேட்கிறார்கள். செய்தவர் பெயர் செய்யப்பட்ட பொருளுக்கு ஆகிவந்ததால் இது கருத்தாவாகுபெயர். ‘வள்ளுவர் படித்தேன்’ என்பது போல ‘ஹ்யூலண்ட் மாட்டினேன்’. மைக் ஹ்யூலண்ட் என்பவர் 1957-இல் மெய்டன்ஹெட் என்ற ஊரில் தொடங்கிய பட்டறையிலிருந்து வந்த பெட்டிகள் இவை. அவர் செய்த வேலை எளிமையானது, குறும்பும் கொண்டது. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் என்ற சாதுவான குடும்பக் காரின் கியர்பாக்ஸ் ஹவுசிங்கை எடுத்துக்கொண்டார். பீட்டிலில் எஞ்சின் வால்பக்கம், கியர்பாக்ஸ் அதற்கு முன்னால். பந்தயக் காரில் எஞ்சின் முன்னால், கியர்பாக்ஸ் வாலில். ஆகவே பெட்டியை முன்பின்னாகத் திருப்ப வேண்டும். திருப்பினால் சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றும். காருக்கு முன்னால் போக ஒரு கியரும் பின்னால் போக நாலு கியரும் வாய்க்கும். எனவே பெட்டியைத் தலைகீழாகவும் கவிழ்த்தார். உள்ளே இருந்த வீட்டு உபயோகக் கியர்களை எடுத்துவிட்டு, நேர்ப்பல் வெட்டிய பந்தயக் கியர்களை வைத்தார். சம்சாரிக் காரின் கூடு, சண்டைக்காரனின் குடல்.

ஒரு கார், ஒரு கியர்பாக்ஸ் என்றால் உபரிச் சாமான் எங்கிருந்து வரும் என்ற கேள்வி எழலாம். எழ வேண்டும். விடை இதுதான்: ஒவ்வொரு பந்தயத் திடலுக்கும் வேறு வேறு பல் விகிதம் தேவை. மொனாக்கோ தெருக்களில் வளைவு முடிந்தால் அடுத்த வளைவு. நீண்ட நேர்ப்பாதை உள்ள திடலில் கதை வேறு. லோட்டஸ் 49 கார் 1967-இல் களமிறங்கியபோது அதிலிருந்த ஜெர்மன் இசட்.எஃப். கியர்பாக்ஸில் விகிதத்தைத் திடலிலேயே மாற்றிக்கொள்ள முடியவில்லை. மறு ஆண்டு 49பி வந்தபோது அந்த இடத்தில் ஹ்யூலண்ட் உட்கார்ந்திருந்தது. இதில் பின்மூடியைக் கழற்றினால் போதும், பெட்டியைக் காரிலிருந்து இறக்காமலே கியர்களை உருவி வேறு ஜோடி கோக்கலாம். விளைவு, ஒவ்வொரு அணியும் மரப்பெட்டி நிறையக் கியர் ஜோடிகளைச் சேர்த்தது. அணி கலைந்தது, கார் நொறுங்கியது, ஓட்டுநர் பெயர் மறந்துபோனது. கியர்கள் மட்டும் கிழவியின் சுருக்குப்பைக் காசு போலத் தங்கிவிட்டன.

இந்தப் பெட்டிகளைப் பெரிதும் நம்பி ஓடிய ஃபார்முலா ஃபோர்டு பந்தயம் 1967-இல் பிரிட்டனில் பிறந்தது. பழைய சாமான் சந்தையான பியூலி ஆட்டோஜம்பிளும் அதே 1967-இல்தான் தொடங்கியது. நோயும் மருந்துக்கடையும் ஒரே வருடத்தில். (பியூலி என்று நாம் ஒலிக்கும் ஊரை ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால் ‘பியூலியூ’ என்றோ ‘பெயாலியெயு’ என்றோ படிக்கத் தோன்றும். எழுத்தை நம்பக் கூடாது என்ற பாடம் சந்தை வாசலிலேயே கிடைத்துவிடுகிறது.)

இனித் திணை. ஹாம்ப்ஷயரில் உள்ள அந்தச் சந்தைக்கு நிலம், புல்வெளியும் மழை பெய்தபின் சேறும். பெரும்பொழுது, செப்டம்பர் குளிர். சிறுபொழுது வைகறை. நல்ல சாமான்கள் விடிவதற்குள் விற்றுவிடும். கடை விரிக்கும்போதே பக்கத்துக் கடைக்காரர் டார்ச் அடித்துப் பொறுக்கிவிடுவார். பொழுது விடிந்து வருபவருக்கு மிஞ்சுவது துருவும் அனுபவமும். கருப்பொருளில் உணவு, பன்றி இறைச்சி வைத்த ரொட்டி, பானம், பிளாஸ்க் தேநீர், பூ இல்லை, தெய்வம் அவரவர் விருப்பம். உரிப்பொருள், வாங்குவதற்கு முன் ஊடல், வாங்கிய பின் இரங்கல்.

இந்தச் சந்தையின் மொழிக்கு வருவோம். தகுதி வழக்கு மூன்று என்று பள்ளியில் படித்தோம்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. அந்த மூன்றையும் ஒரே மேசையில், ஒரே மனிதர் வாயில் கேட்க வேண்டுமானால் பழைய கியர் விற்பவரிடம்தான் போக வேண்டும்.

மங்கலம்: விளக்கை அணை என்னாமல் குளிரவை என்பதுபோல, விரிசல் விட்ட ஹவுசிங்கை ‘மறுசீரமைப்புக்கு உகந்தது’ என்பார்கள். இடக்கரடக்கல்: ‘கொஞ்சம் கவனிப்பு தேவை’. கவனிப்பு என்றால் வெல்டிங். குழூஉக்குறி: எம்கே 8, எம்கே 9, எஃப்டி 200, டிஜி 300, எஃப்ஜி 400. இவற்றை உள்ளாள் மட்டுமே அறிவார்; அறியாதவர் எஃப்டி 200 காருக்கு எம்கே 9 கியரை வாங்கிக்கொண்டு மகிழ்ச்சியாக வீடு போய்ச் சேர்வார். மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடி விரலைப் பிடித்து விலை பேசுவதும் இதே வகைதான். அதில் மூடுவது துணி, இதில் எழுத்து.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வாக்கியம் உண்டு. நான் நின்ற பதினோரு மேசைகளில் ஏழில் அதைக் கேட்டேன்: “கடைசியாகக் கழற்றும்போது நன்றாகத்தான் இருந்தது.” இலக்கண நோக்கில் இது முற்றும் உண்மையான வாக்கியம். எப்போது கழற்றியது என்று சொல்லவில்லை. ஏன் கழற்றியது என்று சொல்லவில்லை. நன்றாக இருந்ததை எதற்காகக் கழற்றினீர்கள் என்று கேட்டால் எதிரில் இருப்பவருக்குச் சட்டென்று தேநீர் ஞாபகம் வந்துவிடும்.

என் பெரியப்பா இதற்கு எப்போதோ வழி சொல்லிவிட்டார். “டேய், விக்கிறவன் வாயைப் பாக்காதே. மாட்டு வாயைத் தொறந்து பாரு.” மாட்டுக்குக் கீழ்த்தாடை முன்பற்கள் எட்டு. பால்பல் விழுந்து ரெண்டு பல் போட்டால் சுமார் இரண்டு வயது. அப்புறம் நாலு பல், ஆறு பல். எட்டும் சேர்ந்துவிட்டால் அதற்குப் பிறகு தேய்மானத்தைப் பார்த்துத்தான் வயது. கியர் வேறு மாதிரி. அது முழுப் பல்லோடு பிறந்து, தேய்மானத்தை மட்டுமே வயதாகக் காட்டும். எனவே கியரியலில் கன்றுப் பருவம் இல்லை.

சவுதாம்ப்டனில் இருக்கும் என் மைத்துனனோடு ஒரு மேசை முன்னால் நின்றேன். பெரியவர் ஒருவர் பிஸ்கட் டப்பாக்களில் கியர்களை எண்ணெய்த் தாளில் சுற்றி வைத்திருந்தார். ஒரு ஜோடியில் கம்பியால் கட்டிய அட்டை: 22/29. அதாவது ஒன்றுக்கு இருபத்திரண்டு பல், மற்றதற்கு இருபத்தொன்பது, விகிதம் 1.318. அட்டை இருக்கிறதே என்று நம்பலாமா? எண்ணினேன். இருபத்தொன்பது. மைத்துனன் வாங்கி எண்ணினான்.

“மச்சான், இருபத்தெட்டுதான் வருது.”

“முதல் பல்லை அடையாளம் வெச்சியா?”

“இல்லை.”

“அப்ப எங்கிருந்து ஆரம்பிச்சே, எங்கே முடிச்சே?”

வட்டமான பொருளில் பல் எண்ணுபவர் அனைவரும் சாக்பீஸ் வைத்திருக்க வேண்டும் என்பது இவ்வாய்வின் முதல் கண்டுபிடிப்பு. பெரியவர் ஒன்றும் பேசாமல் சட்டைப் பையிலிருந்து ஒரு சாக்பீஸ் எடுத்து நீட்டினார். இருபத்தொன்பதுதான்.

இந்த எண்களில் ஒரு ஜாதகப் பொருத்தமும் இருக்கிறது. 22-க்கும் 29-க்கும் பொதுக் காரணி கிடையாது. ஆகவே ஒரு கியரின் குறிப்பிட்ட பல், மற்றதன் குறிப்பிட்ட பல்லை ஒருமுறை சந்தித்தால், இடையில் 22 பெருக்கல் 29, அதாவது 638 பல் தாண்டித்தான் மறுபடி சந்திக்கும். எந்தப் பல்லும் எந்தப் பல்லோடும் நெருங்கிப் பழகாது. எல்லாப் பல்லும் எல்லாப் பல்லோடும் முறை வைத்து உரசி, தேய்மானத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். பெரிய கூட்டுக் குடும்பங்களில் மனஸ்தாபம் இப்படித்தான் சமமாகப் பரவுகிறது. அதனால்தான் பழைய ஜோடியைப் பிரிக்கக் கூடாது. ஒன்றோடொன்று தேய்ந்து பழகியவை அவை. வேறொன்றோடு சேர்த்தால் ஊளையிடும். சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கடத்தும் கிரவுன் வீல், பினியன் விஷயத்தில் இது இன்னும் கண்டிப்பு. பட்டறையிலேயே சேர்த்து அரைத்து, இரண்டின் உடம்பிலும் ஒரே எண்ணைப் பொறித்து அனுப்பும் ஜோடி அது. இரண்டு எண்ணும் வேறாக இருந்தால் யாரோ ஒருவர் பாதியை உடைத்துவிட்டார் என்று பொருள். விற்பவர் அதை ‘அரிய சேர்க்கை’ என்பார்.

பல்லின் பக்கவாட்டில் நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் சரி. அங்கங்கே நகம் இடறினால் மேல்தோல் பெயரத் தொடங்கிவிட்டது. உலோகம் நீலம் பாரித்திருந்தால் எப்போதோ எண்ணெய் இல்லாமல் ஓடியிருக்கிறது. அதைப் பாலிஷ் போட்டு அழித்திருந்தால் விற்பவருக்கும் தெரிந்திருக்கிறது. ஆனால் உண்மையான சாட்சி பல்லில் இல்லை, கியரின் முகத்தில் இருக்கும் ‘டாக்’ என்னும் கொக்கி மேடுகளில் இருக்கிறது. நம் வீட்டுக் காரில் கியர் விழும்போது இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து சமாதானம் பேச சின்க்ரோ என்று ஒரு வளையம் உண்டு. பந்தயப் பெட்டியில் அந்தச் சமாதானப் பேச்சு இல்லை. மேடும் மேடும் நேராக மோதிக் கோத்துக்கொள்ளும். ஓட்டுநர் தயங்கித் தயங்கிக் கியர் போட்டவர் என்றால் விளிம்புகள் மழுங்கும். மழுங்கியது கோத்து நிற்காது, கால் அழுத்தும் நேரத்தில் நழுவி நியூட்ரலுக்கு விழும்.

மழுங்கலைக் கண்டுபிடிக்கும் வழி அரிவாள்மணை சாணை பிடிப்பவருக்குத் தெரிந்ததுதான். கூரான விளிம்பு வெளிச்சத்தில் தெரியாது. மழுங்கிய விளிம்பு வெள்ளைக் கோடாக மின்னும். நான் அந்த 29 பல் கியரை மேகத்துக்கு நேரே பிடித்துத் திருப்பினேன். ஆறு மேடுகளில் ஐந்து மௌனமாக இருந்தன. ஆறாவது பளிச்சென்று சிரித்தது.

“இது என்ன?” என்றேன்.

பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். பிறகு சொன்னார், கடைசியாகக் கழற்றும்போது நன்றாகத்தான் இருந்தது.

அதைச் சாணை பிடித்துக் கூராக்கலாமே என்று கேட்கலாம். செய்கிறார்கள். ஆனால் கியரின் கடினம் மேல்தோலோடு சரி. உள்ளே மெதுவான எஃகு. அளவு மீறி அரைத்தால் தோல் போய்ச் சதை தெரியும். அப்படி அரைத்த கியரை ‘புதுப்பிக்கப்பட்டது’ என்று விற்பவர்களை என் பெரியப்பா பார்த்திருந்தால் ஒரே சொல்லில் வருணித்திருப்பார். ஆய்வுக் கட்டுரையில் அச்சொல்லுக்கு இடமில்லை.

ஹவுசிங் பற்றிச் சுருக்கமாக: மக்னீசியம். எடை குறைவு, ஆயுளும் குறைவு. ஈரம் பட்டால் விபூதி பூசியதுபோல் வெள்ளை பூக்கும். புதிதாக வெள்ளிப் பெயின்ட் அடித்த ஹவுசிங்கைக் கண்டால் ஒதுங்கிப் போகவும்.

இவ்வளவு தொல்லை எதற்கு என்பார் அறிவுடையோர். வரலாற்றுப் பந்தயம் என்ற ஒன்று இப்போது செழித்திருக்கிறது. மொனாக்கோவில் 1997 முதல், குட்வுட்டில் 1998 முதல், பழைய கார்களைப் பழைய மாதிரியே ஓட்டுகிறார்கள். சர்வதேச மோட்டார் கூட்டமைப்பு காருக்கே ஒரு பாஸ்போர்ட் தருகிறது. அந்தக் காலத்தில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். ஆகவே ஐம்பது வருடப் பழைய கியருக்கு இன்றும் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள்.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு கிளைக் கதை உண்டு. சோழவரத்தின் போர்க்கால விமான ஓடுபாதையில் பந்தயம் நடந்த நாட்களில் கோண்டல் மகாராஜா சர்டீஸ் காரையும், விஜய் மல்லையா என்சைன் காரையும் ஓட்டினார்கள். இரண்டும் வெளிநாட்டில் ஓடிக் களைத்து இங்கே வந்தவை. ரெண்டாம் கை கியரின் ஊளைச் சத்தத்தை அந்த வேலியோரம் நின்று கேட்ட ஒரு தலைமுறை இன்னும் சென்னையில் இருக்கிறது. அவர்களைப் பேட்டி கண்டு தனி இயல் எழுதும் எண்ணம் உண்டு. நெறியாளர் காலமாகிவிட்டதால் தள்ளிப்போகிறது.

எஞ்சிய ஒரு தகவலை மறைப்பது ஆய்வு நேர்மைக்கு இழுக்கு. ஐந்து மேடு மௌனம் காத்து ஆறாவது சிரித்த அந்தக் கியரை, ஜோடியோடு, 40 பவுண்டு கொடுத்து நான் வாங்கிவிட்டேன். என்னிடம் பந்தயக் கார் இல்லை. மாதாந்திரத் தவணையில் ஓடும் ஸ்கூட்டர் ஒன்றுதான் உண்டு. அதில் கியரே கிடையாது. ஜோடி மூன்று வருடமாகப் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. வீட்டில் ஆயுத பூஜைக்கு மட்டும் அதற்கு மரியாதை, மற்ற நாளில் வசவு.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஹ்யூலண்ட் எம்கே 9, 22/29, ஒரு ஜோடி விற்பனைக்கு உள்ளது. பிரித்துத் தர இயலாது. தேவைப்படுவோர் நேரில் வந்து பல் பிடித்துப் பார்க்கலாம். சாக்பீஸ் என்னிடமே இருக்கிறது. கடைசியாகப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது.