தானே அணைந்து தானே எழும் கணினிக்குக் கைவைத்தியம்

வேலை மும்முரத்தில் இருக்கும்போது கணினி பட்டென்று அணைந்து, யாரும் தொடாமலே மறுபடி உயிர் பெறுகிறதா? பதற வேண்டாம். இதற்கு நம் வீடுகளில் வழிவழியாக வந்த சிகிச்சை முறை ஒன்று உண்டு. ஏதோ அலுவலகம் கழித்துவிட, சென்னை ரிச்சி தெரு வழியாக உங்கள் மேசைக்கு வந்து சேர்ந்த குட்டி டெஸ்க்டாப்பை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பெரிய பெட்டி வைத்திருப்பவர்களும் பின்பற்றலாம், செலவு சற்றுக் கூடும்.

முதலில் குற்றவாளியை முடிவு செய்யுங்கள். காரணத்தைப் பிறகு தேடிக்கொள்ளலாம். பள்ளிக்குப் போகும் பிள்ளை இருக்கிற வீட்டில் இந்தக் கட்டம் சீக்கிரம் முடிந்துவிடும்.

"கேம் ஏத்துனியா?"

"இல்லப்பா, ப்ராஜெக்ட்டுக்குப் படம் எடுத்தேன்."

"அதான்!"

அடுத்தது, திரையில் வருவதைப் படிக்காமல் இருப்பது. இது எளிது. விழுந்தவுடன் தானே ரீஸ்டார்ட் ஆகும்படிதான் விண்டோஸை அமைத்து அனுப்புகிறார்கள். 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி' என்ற இடத்தில் 'ஆட்டோமேட்டிகலி ரீஸ்டார்ட்' என்பதற்கு எதிரே இருக்கும் டிக்கை எடுத்துவிட்டால், நீலத்திரை அப்படியே நின்று பிழையின் பெயரைச் சொல்லும். சொல்லிவிட்டால் அப்புறம் யாரைத் திட்டுவது? ஆகவே டிக் இருக்கட்டும். ஈவென்ட் வியூவர் பக்கமும் போகாதீர்கள். அங்கே 'கெர்னல்-பவர் 41' என்று சிவப்பாக ஒன்று நிற்கும். அதை நோயின் பெயர் என்று எண்ணி மருந்து தேடுபவர்கள் ஏராளம். முறையாக மூடாமல் மறுபடி எழுந்தேன் என்பதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை. உள்ளே போய் 'பக்செக்கோட்' என்ற வரியில் பூஜ்யம் இருக்கக் கண்டாலோ விஷயம் இருக்கிறது. மரண வாக்குமூலம் எழுதக்கூட விண்டோஸுக்கு நேரம் கிடைக்கவில்லை. கரண்ட் பக்கம் சந்தேகப்படலாம்.

இப்போது சர்வீஸ்காரரைக் கூப்பிடுங்கள். "ஓ.எஸ். கரப்ட் ஆயிருக்கு சார், ஃபார்மட் போட்டுரலாம்" என்று போனிலேயே சொல்லிவிடுவார். மூடியைக் கழற்றிப் பார்க்கச் சொல்லி அவரைச் சங்கடப்படுத்தக் கூடாது. டெஸ்க்டாப்பில் குவித்து வைத்திருந்த பத்திரத்தின் ஸ்கேன், காதுகுத்து போட்டோ, ஆடிட்டருக்கு அனுப்ப வேண்டிய கணக்கு எல்லாம் போனபின், புது விண்டோஸ் பாதி ஏறிக்கொண்டிருக்கும்போதே கணினி மறுபடி அணையும். பழைய விண்டோஸ் போனபிறகும் விழுகிறதென்றால், குற்றம் அதன்மேல் இல்லை என்பது ஓரளவு உறுதி. பென் டிரைவில் லினக்ஸ் போட்டு, எதையும் அழிக்காமல் ஒருநாள் ஓட்டியிருந்தாலும் இது தெரிந்திருக்கும்தான். ஆனால் அதற்கெல்லாம் யார் சர்வீஸ் சார்ஜ் கொடுப்பார்கள்?

இடையில் சலிக்காமல் ஆஃப் செய்து ஆன் செய்துகொண்டிருங்கள். கிண்டல் இல்லை. 2024 ஜூலை 19 அன்று கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்டிரைக் அனுப்பிய பிழையான அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் படுத்தபோது, அஸூர் கிளவுட் வாடிக்கையாளர்களுக்கு மைக்ரோசாஃப்ட் சொன்ன வழிகளில் ஒன்று ரீஸ்டார்ட். 15 முறை வரைகூடத் தேவைப்படலாம் என்றார்கள். அதன்பிறகு ஆஃப் செய்து ஆன் செய்யச் சொல்லும் நம் வீட்டுப் பெரியப்பாவைக் குறை சொல்ல யாருக்கும் வாய் இல்லை.

எதிர்வீட்டு இன்ஜினியரிங் பையன் வருவான். "அங்கிள், ராமைக் கழட்டி ரப்பர் போட்டுத் தேய்ங்க." இந்தப் பட்டியலிலேயே உருப்படியான யோசனை இதுதான் என்பதால் எல்லோரும் சிரிப்பார்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ராமின் பொன்னிறப் பற்களை மெதுவாகத் துடைத்து, 'டக்' என்று சத்தம் கேட்கும்வரை அழுத்தி மாட்டினால் பல கணினிகள் எழுந்து உட்கார்ந்துவிடும். பாதிப் புண்ணியம் ரப்பருக்கு, மீதி கழற்றி மாட்டியதற்கு. சந்தேகம் தீராவிட்டால் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ ராத்திரி முழுக்க ஓடவிடலாம்.

தூசி படாமல் பூவேலைத் துணி போட்டு மூடுவது நம் மரபு. மூடுங்கள். காற்றுத் துளையைச் சுவரோடு ஒட்டி வைத்தால் இன்னும் விசேஷம். ஒன்று மட்டும்: சூடு தாங்காமல் விழும் கணினி பெரும்பாலும் விழுந்தபடியே கிடக்கும். உடனே எழுந்து ஓடுகிறதென்றால் வேறு இடத்தில் தேட வேண்டும்.

அடாப்டரைத் திருப்பிப் பார்க்கவே கூடாது. அதன் வயிற்றில் பொடி எழுத்தில் 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்றிருக்கும். பெருக்கினால் 65 வாட். உங்கள் பெட்டி கேட்பது 90 வாட்டாக இருந்து, கடைக்காரர் முனை பொருந்துகிறதே என்று கைக்குக் கிடைத்ததைக் கொடுத்திருக்கலாம். கடிதம் அடிக்கும்போது சமர்த்தாக இருந்து, வீடியோ எடிட்டிங் தொடங்கியதும் விழுகிற கணினியின் கதை அநேகமாக இதுதான்.

இன்வெர்ட்டர் இருக்கிற வீடென்றால் கதை இன்னும் நீளும். நம் கரண்ட்டுக்கு 50 ஹெர்ட்ஸ். ஒரு சுற்றுக்கு 20 மில்லிசெகண்ட். கணினிக்குக் கரண்ட் கொடுக்கும் பகுதி ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பழசானால் அதுவும் குறையும். பல இன்வெர்ட்டர்களில் 'யு.பி.எஸ்.' என்றும் 'நார்மல்' அல்லது 'ஈகோ' என்றும் எழுதிய சின்ன ஸ்விட்ச் ஒன்று உண்டு. நார்மலில் இருந்தால் பேட்டரிக்கு மாற அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். ஃபேனுக்கு அது தெரியவே தெரியாது. டியூப்லைட் ஒருமுறை சிமிட்டும். கணினி செத்துப் பிழைக்கும். கரண்ட் முழுசாகப் போக வேண்டும் என்றுகூட இல்லை. மாலையில் வோல்டேஜ் இறங்குகிற நேரத்தில் மோட்டார் போட்டாலே போதும்.

ஸ்விட்சை யு.பி.எஸ். பக்கம் தள்ளலாம்தான். ஆனால் பல வீடுகளில் அது பின்பக்கம் இருக்கும். அங்கே கை நுழையாது. பேட்டரியை நகர்த்த இரண்டு பேர் வேண்டும், அதன்மேல் பழைய பேப்பர் அடுக்கியிருக்கிறது. புதுக் கணினி வாங்கிவிடுவது சுலபம். பழையதை மைத்துனருக்குக் கொடுத்துவிடுங்கள். இன்வெர்ட்டரே இல்லாத அவர் வீட்டில் அது கரண்ட் போனால் மட்டும் அணையும். "நல்லாத்தானே ஓடுது மாமா, இதையா தூக்கிப் போட்டீங்க?" என்று அவர் போன் செய்யும் சாயங்காலம், கீழே யாரோ மோட்டார் போடுவார்கள்.