தனியே போய்ப் பார்க்கும் மரபும் அதன் மீறல்களும்: ஒரு பன்முக நோக்கு

முன்னுரை

நள்ளிரவில் ஏதோ சத்தம் கேட்கிறது. வீட்டில் ஆறு பேர் படுத்திருக்க, ஒருவர் மட்டும் எழுந்து, விளக்கைப் போடாமல், ‘யார் அங்கே?’ என்று கேட்டபடி நடக்கிறார். பேய்ப்படங்களின் அடித்தளமான இச்செயலைப் பற்றித் தமிழில் முறையான ஆய்வு வெளிவராதது வருந்தத்தக்கது. வெளிவந்திருந்தால் அதைவிட வருந்தத்தக்கது. அம்மரபோடு விளையாடும் படங்களே இவ்வாய்வின் எல்லை. ‘மீறல் என்பது மரபின் திருத்திய மறுபதிப்பு’ என்பது கருதுகோள். முடிவுரையை எழுதிவிட்டுக் கருதுகோளை உருவாக்கும் முறையே இங்கும் பின்பற்றப்பட்டுள்ளது. முனைவர் பட்ட ஆய்வுகளில் இது நன்கு பலனளித்த முறை.

1. பொருள் வரையறை

முதற்பொருள்: நிலம், ஊருக்கு வெளியே உள்ள பங்களா, பொழுது, நள்ளிரவும் மின்தடையும். கருப்பொருள்: கொலுசு, ஆந்தை, வெள்ளைச் சேலை, எண்ணெய் காணாத கீல், எதையும் முழுதாகச் சொல்லாத காவல்காரர். உரிப்பொருள்: போய்ப் பார்த்தலும் போய்ப் பார்த்தல் நிமித்தமும். யாமம் குறிஞ்சிக்குரிய சிறுபொழுது. ஆகவே, நள்ளிரவில் கதவைத் திறந்துகொண்டு போகும் எவரும் குறிஞ்சித் தலைவியே என்று வாதிடலாம். வாதிட்டுப் பதவி உயர்வும் பெறலாம்.

2. விளக்கைப் போட்டுவிட்டுப் போகிறவர்கள்

இவர்களை வைத்து யாரும் படம் எடுப்பதில்லை.

3. விதி தெரிந்தவர்கள்

வெஸ் கிரேவன் இயக்கி 1996இல் வந்த ‘ஸ்க்ரீம்’ படத்தில் வீடியோ கடையில் வேலை பார்க்கும் ராண்டி, பேய்ப்படத்தில் உயிர் பிழைக்க மூன்று விதிகளைச் சொல்கிறான்: உடலுறவு கூடாது, குடியும் போதையும் கூடாது, ‘இதோ வந்துவிடுகிறேன்’ என்று சொல்லவே கூடாது. மூன்றாம் விதி தமிழருக்குப் பொருந்தாது. ‘போறேன்’ என்று சொல்வது அபசகுனம் என்று ‘போயிட்டு வர்றேன்’ சொல்லிப் புறப்படும் ஊரில் அதை அமலாக்கினால் வாசற்படி தாண்டிய எவரும் வீடு திரும்ப முடியாது. நம்மிடம் வேறு விதி உண்டு: இரவில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாம் குரலுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும் (பாட்டி, வாய்மொழி, திண்ணைப் பதிப்பு).

4. துணையோடு போகிறவர்கள்

மரபுக்குத் தமிழ்த் திரையின் பெருங்கொடை ‘முனி’ (2007), ‘காஞ்சனா’ (2011) படங்களின் நாயகன். இரண்டையும் இயக்கி நடித்தவர் ராகவா லாரன்ஸ். பொழுது சாய்ந்தால் இந்நாயகனுக்கு அம்மா துணை இல்லாமல் அசைய முடியாது. தனியே வர மறுக்கும் ஒருவனைப் பேய் என்ன செய்யும்? அவனுக்குள்ளேயே குடியேறுகிறது. ‘காஞ்சனா’வில் அப்பேய்க்கு நிலத்தகராறு வேறு இருக்கிறது. எம்.எல்.ஏ. ஒருவர் அபகரித்த நிலத்தை நீதிமன்றத்தில் மீட்பதைவிட, உடலெடுத்து வந்து மீட்பது விரைவானது என்பது சட்டம் அறிந்தோர் கருத்து (தேநீர்க்கடை பெஞ்சு, தெற்கு மூலை, காலை அமர்வு).

5. பிரித்து அனுப்பப்படுகிறவர்கள்

2012இல் திரைக்கு வந்த ‘த கேபின் இன் த வுட்ஸ்’ படத்தில், ‘எல்லாரும் ஒன்றாகவே இருப்போம்’ என்று ஓர் இளைஞன் அறிவோடு சொல்கிறான். நிலத்தடி அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் ஊழியர்கள் ஒரு புகையைத் திறந்துவிட, மறுகணம் ‘பிரிந்து போவோம்’ என்கிறான். எந்தப் பேய் வரும் என்று அதே ஊழியர்கள் பந்தயமும் கட்டுகிறார்கள். பாத்திரங்கள் முட்டாள்கள் அல்லர், மேலிடத்து உத்தரவு அப்படி என்று இப்படம் நிறுவுகிறது. அரசு அலுவலகத்தில் பணிபுரிந்தோர் இதில் புதுமை எதையும் காணமாட்டார்கள்.

6. மாடிப்படி இயல்

இவ்வாய்வின் உயிர்நிலை இதுவே. வாசல் கீழே இருக்கிறது. தெரு வாசலுக்கு வெளியே. காவல் நிலையம் தெருவுக்கு அப்பால். துரத்தப்படுபவரோ மாடிக்கு ஓடுகிறார். ஏன்? மாடியில் ஒரு படுக்கையறை, ஓர் அலமாரி, குதிக்க முடியாத உயரத்தில் ஒரு ஜன்னல்.

இந்தக் கேள்வியை ‘ஸ்க்ரீம்’ தன் நாயகி சிட்னியின் வாயாலேயே கேட்கிறது. வாசல் வழியாக ஓடவேண்டிய பெண் மாடிப்படி ஏறி ஓடுவதே பேய்ப்படம், அது அவமானம் என்று தொலைபேசியில் கொலையாளியிடமே சொல்கிறாள். சற்று நேரத்தில் கத்தியோடு அவன் பாய, வாசற்கதவின் சங்கிலி விடமாட்டேன் என்கிறது. சிட்னி மாடிப்படி ஏறுகிறாள்.

இக்காட்சியைச் ‘செங்குத்து வெளியின் அதிகார அரசியல்’ என்று விளக்கலாம். கீழ்த்தளம் அடிமனம், மாடி மேல்மனம் என்று ஃப்ராய்டை அழைத்து வரலாம். அழைத்து வருபவர் படத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. சங்கிலி சிக்கிக்கொண்டது என்ற எளிய காரணம் படத்திலேயே இருக்கிறது. எளிய காரணங்களுக்கு ஆய்விதழ்களில் பக்கம் ஒதுக்குவதில்லை.

மேலும், மாடிக்கு ஓடியதால்தான் சிட்னி அன்று பிழைக்கிறாள்: அலமாரிக் கதவைத் திறந்து அறைக்கதவுக்கு முட்டுக்கொடுத்துவிடுகிறாள். இதனால் ஆய்வுலகம் இரண்டாகப் பிளந்தது. ‘ஏறுக’ என்பது ஒரு பள்ளி (தேநீர்க்கடை, மேற்படி பெஞ்சு, மாலை அமர்வு). ‘வெளியே ஓடுக’ என்பது மறுபள்ளி (மேற்படி கடை, எதிர் பெஞ்சு, பழைய பாக்கியைக் கேட்டதற்குப் பிந்திய வடிவம், வாயில் வடை இருந்தமையால் பாடபேதம் உண்டு, ‘ஓடுக’ என்பதை ‘போடுக’ எனக் கொண்டு மேலும் ஒரு வடை வைத்தார் கடைக்காரர், அவ்வடையே மூலபாடத்துக்கு நெருக்கமானது என்பது ஆறிய பின் உண்டவர் துணிபு). வெளியே ஓடுவதும் காப்பு அன்று. ‘டக்கர் அண்ட் டேல் வெர்ஸஸ் ஈவில்’ (2010) படத்தில் இரண்டு அப்பாவிகளைக் கொலைகாரர்கள் என்று எண்ணி ஓடும் கல்லூரி மாணவர் ஒருவர் ஓடியதாலேயே சாகிறார்.

படிக்கு மாற்று மின்தூக்கி என்போர் ‘யாவரும் நலம்’ (2009) காண்க. பதின்மூன்றாம் மாடியில் குடியேறும் மாதவனுக்கு மட்டும் அது வேலை செய்யாது. எப்படியும் படிதான்.

7. பொய்யாகப் போய்ப் பார்த்தவர்

கார்த்திக் சுப்பராஜின் ‘பீட்சா’ (2012) நாயகன் பங்களாவுக்குள் தனியே மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லி நம்மை நடுங்கவைக்கிறான். அது வைரத்தை அமுக்கக் கட்டிய கதை. (முடிவைச் சொல்லிவிட்டீரே என்போர்க்கு: அது ஆய்வாளரின் பிறப்புரிமை.) பேய் இல்லை என்று நாம் நிம்மதியாகும்போது, பீட்சா கொடுக்கப் போன இன்னொரு வீட்டில் மெய்யாகவே அகப்படுகிறான். ‘பெட்ரோமாக்ஸ்’ (2019) இன்னும் ஒருபடி மேல்: அங்கே குடிவந்த மனிதர்களைக் கிளப்ப முடியாமல் பேய்கள் திண்டாடுகின்றன.

முடிவுரை

விதியைச் சொல்லிச் சிரித்த சிட்னி படியேறினாள். பேய்க்கதை புளுகியவன் பேய்வீட்டுக்குள் நின்றான். கேலியும் தப்பவில்லை. ‘ஸ்க்ரீம்’ திரைக்கதைக்குக் கெவின் வில்லியம்சன் முதலில் வைத்த பெயர் ‘ஸ்கேரி மூவி’. அந்தப் பெயரிலேயே 2000இல் ஒரு படம் வந்து ‘ஸ்க்ரீமை’க் கேலி செய்தது, அதற்கும் வரிசையாகப் பாகங்கள் வந்தன. ஆகவே கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது. மெய்ப்பிக்கப்படாத கருதுகோளை இத்துறை இன்னும் கண்டதில்லை.

மேலாய்வுக்குரிய களங்கள்: பாழடைந்த பங்களாக்களில் மின்கட்டணம் கட்டுவோர் யார், பேயின் கூந்தல் பராமரிப்பு, ‘மரபை உடைத்த முதல் படம்’ என்று விமர்சகர்கள் அறிவித்த படங்களின் எண்ணிக்கை. கடைசித் தலைப்புக்கு ஒரு மாணவர் போதாது, துறையே வேண்டும்.