மலைப்பாம்பு கேட்கும் மருமகன்

ஹோம்ஸ்டெட், புளோரிடா.

அன்புள்ள அக்காவுக்கு,  

வாட்ஸ்ஆப் இருக்கும்போது இவன் எதற்குத் தபாலுக்குக் காசைக் கரைக்கிறான் என்று மச்சான் கேட்பார். காரணம் இருக்கிறது. உன் போனில் எது வந்தாலும் முதலில் படிப்பது உன் மகன். இது அவனைப் பற்றிய சமாசாரம். தபால்காரர் கொண்டுவரும் உறையை இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஏதோ எல்.ஐ.சி. நோட்டீஸ் என்று நினைத்துத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். இதைவிடப் பத்திரமான வழி எனக்குத் தெரியவில்லை.

முதலில் உட்கார்ந்துகொள். பெருநாளுக்கு நான் ஊருக்கு வரும்போது உன் மகன் ஒன்று வாங்கி வரச் சொல்லியிருக்கிறான். போன் இல்லை, ஷூ இல்லை, மலைப்பாம்புக் குட்டி. "சின்னதுதான் மாமா, ரொம்ப சாது, கைப்பையிலேயே வச்சிரலாம்" என்று எழுதியிருக்கிறான். கூடவே ஒரு வீடியோ. அதில் யாரோ ஒரு பையன் பாம்பைத் தோளில் போட்டுக்கொண்டு நிம்மதியாகக் காப்பி குடிக்கிறான்.

பயப்படாதே, வாங்கி வர மாட்டேன். ஆனால் "முடியாதுலே" என்று ஒரே சொல்லில் முடித்தால் கேட்கிற ஆளா அவன்? சட்டம் பேசுவான், யூடியூபைக் காட்டுவான். நீயும் மச்சானும் பதில் பேச வேண்டுமென்றால் உங்களுக்கும் விவரம் தெரிந்திருக்க வேண்டும். அதற்குத்தான் இத்தனை பக்கம்.

எங்கள் பக்கத்து வீட்டில் எழுபதைத் தாண்டிய ஒரு அம்மா இருக்கிறார். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தனியாக இருக்கிறார், பாவம் என்று போன பெருநாளுக்குப் பிரியாணி எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு போனோம். அவர் தனியாக இல்லை. ஹாலில் கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்குள் நாலடியில் ஒரு பாம்பு. பெயர் மஃபின். பால் பைத்தான் என்ற ஜாதி. ஆப்பிரிக்காவில் கானா, டோகோ, பெனின் பக்கத்துப் பிராணி. பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும், பெயரே அதனால் வந்ததுதான். மஃபினுக்கு வயது பதினெட்டு. உன் மகனுக்கு ஒரு வயது இளையது, ஆனால் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் பொறுமை அதற்கு உண்டு.

பிரியாணியை வாங்கிக்கொண்ட அம்மா, பதில் மரியாதையாக ஐஸ்கிரீம் தருகிறேன் என்று ஃப்ரீசரைத் திறந்தார். வெனிலா டப்பாவுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் பையில் வெள்ளை எலிகள் வரிசையாக விறைத்துக் கிடந்தன. "மஃபினுக்கு" என்றார். எனக்குச் சர்க்கரை வியாதி என்று சொல்லித் தப்பித்தேன். என் மனைவியும் தனக்குச் சர்க்கரை என்றாள். ஏழு வயது மகளுக்கும் சர்க்கரை என்றதும் அந்தம்மா உண்மையிலேயே கலங்கிப்போனார். இன்றைக்கும் வழியில் பார்த்தால் பிள்ளையின் உடம்பைப் பற்றித்தான் முதலில் விசாரிப்பார்.

அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவைதான் இனி வருபவை. உன் மகன் சொல்வதில் ஒரு பாதி உண்மை. பால் பைத்தான் சாதுதான். விஷம் கிடையாது. கோபப்படுவதைவிடப் பயப்படுவதுதான் அதிகம். ஆனால் "பழக்கிவிட்டேன்" என்று அந்தம்மா சொல்லி நான் கேட்டதில்லை. "என்னைச் சகித்துக்கொள்கிறது, அவ்வளவுதான்" என்பார். நாய் வாலாட்டும், பூனை காலை உரசும், இது ஒன்றுமே செய்யாது. ஒன்றுமே செய்யாததைப் பாசம் என்று நாமாக எடுத்துக்கொள்ள வேண்டும். மச்சானோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்துகிற உனக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

உண்மையில் அந்த வீட்டில் பழகியிருப்பது மஃபின் இல்லை, அந்தம்மாதான். புதுப் பாம்பு வீட்டுக்கு வந்தால் முதல் ஒன்றிரண்டு வாரம் தொடக் கூடாது, அதுவாக இரை எடுக்க ஆரம்பிக்கும்வரை காத்திருக்க வேண்டும். இரை எடுத்த இரண்டு நாளைக்குத் தூக்கக் கூடாது, தூக்கினால் விழுங்கியதை அப்படியே கக்கிவிடும். தோல் உரிக்கப் போகும் சமயத்தில் கண் பால் படிந்தது போல மங்கிவிடும், அப்போது அதற்கு எதைக் கண்டாலும் சந்தேகம், கிட்டே போகாமல் இருப்பது நல்லது. மேலிருந்து கையை இறக்கினால் பருந்து வருகிறது என்று நினைக்கும். பக்கவாட்டில், நடு உடம்பைத் தாங்கி எடுக்க வேண்டும். கழுத்தைப் பின்னுக்கு இழுத்து வளைத்து வைத்திருந்தால் அன்றைக்கு சலாம் சொல்லிவிட்டு வந்துவிட வேண்டியதுதான்.

எல்லாவற்றையும்விட முக்கியம் கை கழுவுவது. இந்த ஜாதியின் மேலுதட்டோரம் வரிசையாகச் சிறு குழிகள் உண்டு. கும்மிருட்டிலும் வெதுவெதுப்பான உடம்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவை காட்டிக்கொடுத்துவிடும். வாசனையை நாக்கால் வாங்கிக்கொள்ளும். சூடும் எலி வாசனையும் ஒன்றாக வந்தால் அதன் கணக்கில் அது சோறு. அதில் உன் மகனின் விரல் என்று தனிக்கணக்கு கிடையாது. பயத்தில் கடித்தால் வெடுக்கென்று கடித்து உடனே விட்டுவிடும். பசியில் கடித்தால் விடாது. பற்கள் எல்லாம் உள்பக்கமாக வளைந்தவை, இழுத்தால் நம் சதைதான் கிழியும். அதனால் அந்தம்மா பெட்டியைத் திறந்ததும் வளைந்த கம்பி ஒன்றால் மஃபினின் முதுகில் லேசாகத் தட்டுவார். தட்டினால் சாப்பாடு இல்லை, தூக்கப்போகிறார்கள் என்று அதற்குத் தெரியும். பதினெட்டு வருஷத்தில் மஃபின் படித்த பாடம் இந்த ஒன்றுதான்.

இன்னொரு கூத்து, உண்ணாவிரதம். பால் பைத்தான் நினைத்தால் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும். நோய் கிடையாது, சும்மாதான். நாம் ஒரு நோன்புக்குள் வாடிப்போகிறோம். அது குளிர்காலம் முழுக்கப் பட்டினி கிடந்துவிட்டுத் தெம்பாக எழுந்து வருகிறது. வளர்க்கிறவர்கள்தான் தூக்கமில்லாமல் மெலிகிறார்கள்.

ஆயுசு வேறு கெட்டி. வளர்ப்பில் இருபது, முப்பது வருஷம் சாதாரணம். செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சி சாலைக்கு 1961-ல் வந்த ஒரு பால் பைத்தான் 2020-ல் ஏழு முட்டை இட்டது. அப்போது அதற்கு வயது அறுபதுக்கு மேல் இருக்கும் என்று கணக்கிட்டார்கள். ஆண் பாம்பைப் பார்த்தே பல வருஷம் ஆகியிருந்ததாம். நீ யோசித்துப் பார். உன் மகன் படிப்பை முடித்து துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போய்விடுவான். நம் ஊரில் போகாத பையன் யார்? பாம்பு போகாது. எலி பிடித்துப் போடுவது நீதான்.

இதுவரை சின்னப் பாம்பின் கதை. பெரியதின் கதை வேறு.

பால் பைத்தான் வாங்குகிறவர்கள் ஒரு பக்கம் இருக்க, ஒரு காலத்தில் இங்கே பர்மிய மலைப்பாம்புதான் மோகம். 1996 முதல் 2006 வரை சுமார் 99 ஆயிரம் பாம்புகளை இறக்குமதி செய்தார்கள். குட்டியில் சீறும், கையில் எடுத்து எடுத்துப் பழக்கினால் வளர வளரச் சாந்தமாகிவிடும் என்பார்கள். சாந்தமாவது நிஜம்தான், வளர்வதும் நிஜம். நன்றாகத் தீனி போட்டால் ஒன்றிரண்டு வருஷத்தில் ஆள் உயரத்தைத் தாண்டும், பிறகு பதினைந்து அடிக்குமேல் போகும். எலியில் தொடங்கியவர்கள் முயலுக்கு அலைய வேண்டும். எட்டடிக்கு மேல் போன பாம்பை ஒற்றை ஆளாகத் தூக்கக் கூடாது என்பது இங்கே பாம்பு வளர்ப்பவர்களின் வழக்கம். 2009-ல் இதே புளோரிடாவில், சரியாக இரை போடாத வளர்ப்புப் பாம்பு ஒன்று இரவில் பெட்டியை விட்டு வெளியேறி இரண்டு வயதுக் குழந்தையைக் கொன்றுவிட்டது. எட்டரை அடிப் பாம்பு. அதைப் பற்றி வேடிக்கையாக எழுத எனக்குக் கை வரவில்லை.

கட்டுக்கடங்காமல் வளர்ந்ததும் பலர் என்ன செய்தார்கள் தெரியுமா? இரவோடு இரவாக எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். இந்த ஹோம்ஸ்டெட்டை 1992-ல் ஆண்ட்ரூ புயல் துடைத்துப்போட்டபோது ஒரு பாம்புப் பண்ணையும் உடைந்தது என்பார்கள். வெயிலும் தண்ணீரும் சேர்ந்த ஊர், விட்ட பாம்பெல்லாம் குடும்பமாகிவிட்டது. 2012-ல் வந்த ஆய்வு ஒன்று, அங்கே ரக்கூன்கள் கண்ணில் படுவது 99 சதவீதம் குறைந்துவிட்டது என்றது. முயலும் நரியும் அந்தக் கணக்கெடுப்பில் கண்ணிலேயே படவில்லை. அதே வருஷம் பர்மிய மலைப்பாம்பு இறக்குமதிக்குத் தடை வந்தது, புளோரிடாவில் செல்லப் பிராணியாக வாங்க 2010-லேயே தடை வந்துவிட்டது.

இனிமேல்தான் நம் ஆட்கள் வருகிறார்கள். நாய் வைத்துப் பார்த்தார்கள், பத்தாயிரம் டாலர் பரிசு வைத்துப் போட்டி நடத்துகிறார்கள், பாம்பு அடங்கவில்லை. 2017 ஜனவரியில் புளோரிடாப் பல்கலைக்கழகமும் மாநில வனவிலங்கு ஆணையமும் சேர்ந்து மாமல்லபுரம் பக்கத்திலிருந்து இருளர் பழங்குடியினர் இரண்டு பேரை வரவழைத்தன. மாசி சடையன், வடிவேல் கோபால். கூட வந்தவர் கிண்டிப் பாம்புப் பண்ணையைத் தொடங்கிய ராமுலஸ் விட்டேகர். செலவு சுமார் 69 ஆயிரம் டாலர்.

இங்குள்ள வேட்டைக்காரர்கள் பெரும்பாலும் இரவில் கால்வாய்க் கரைமேல் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டே பார்ப்பார்கள். வழியில் பாம்பு படுத்திருந்தால் பிடிப்பார்கள். இவர்கள் இருவரும் வண்டியை விட்டு இறங்கிப் புதருக்குள் நடந்தார்கள். எச்சம், உரித்த சட்டை, மண்ணில் இழுத்த தடம், வெயில் காயத் தோதான மேடு என்று பார்த்துக்கொண்டே போனார்கள். இரண்டு வாரத்துக்குள் 13 பாம்பு. அதில் ஒன்று கீ லார்கோ தீவில், கைவிடப்பட்ட ஏவுகணைத் தளத்துக்குள் பதுங்கியிருந்த 16 அடிப் பெண் பாம்பு. இந்த ஊர்க்காரர்களிடம் ஜி.பி.எஸ். இருந்தது, பெரிய பெரிய லாரி இருந்தது. இவர்களிடம் இருந்தது கையில் ஒரு இரும்புக் கம்பியும் பாட்டன் சொல்லிக்கொடுத்த கண்ணும். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்தச் செய்தி வந்த அன்று நான் ஆபீஸில் எல்லோரிடமும் "எங்க ஊர்க்காரங்க" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். மாமல்லபுரத்துக்கும் நம் கடையநல்லூருக்கும் எவ்வளவு தூரம் என்று இங்கே யார் கேட்கப்போகிறார்கள்?

வேடிக்கை என்னவென்றால், தோளில் போட்டுப் படம் பிடித்தவனெல்லாம் பாம்பைப் பழக்கத் தெரிந்தவன் என்று பெயர் வாங்கினான். அவன் கைவிட்டதைத் தேடிப் பிடிக்கக் கடல் தாண்டி ஆள் வர வேண்டியிருந்தது. இருளர்கள் பாம்பைப் பழக்குவதாக எங்கேயும் சொல்லிக்கொள்வதில்லை. 1978-லிருந்து கூட்டுறவு சங்கம் வைத்து, விஷமுறிவு மருந்துக்காக விஷம் எடுத்துவிட்டுப் பாம்பைத் திரும்பவும் காட்டில் விட்டுவிடுகிறார்கள்.

இப்போது சட்டம். நம் மலையடிவாரத் தோப்புக்குள் மலைப்பாம்பு வந்தால் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போடுவதும், அவர்கள் பிடித்து வனத்துறையிடம் ஒப்படைப்பதும், அது திரும்ப மலைக்குப் போவதும் நீ பார்த்ததுதான். அதை வீட்டில் வைத்துக்கொண்டால் 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி மூன்றிலிருந்து ஏழு வருஷம் உள்ளே. மண்ணுளிப் பாம்புக்குக் கோடி ரூபாய் என்று எவனாவது கதை சொன்னால் அதையும் நம்ப வேண்டாம் என்று சொல். அவன் வயசுப் பையன்கள் அதில்தான் விழுகிறார்கள். வெளிநாட்டுப் பாம்பை வாங்கி வரலாமே என்பான். 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு வந்த ஒருவரின் பெட்டியில் 47 மலைப்பாம்புக் குட்டிகள் பிடிபட்டன. பாம்புகளை வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்ப ஏற்பாடு நடந்தது. நான் பிடிபட்டால் பாம்புக்காவது விமானத்தில் இடம் கிடைக்கும், என் கதி என்ன? நான் திருவனந்தபுரத்தில் இறங்கி, பிரானூர் பார்டரில் பரோட்டாவை முடித்துவிட்டு வீட்டுக்கு வர நினைக்கிறவன்.

அவனை ஒரேயடியாகத் திட்டிவிடாதே. பாம்பைக் கண்டால் கம்பைத் தேடாமல் கிட்டே போய்ப் பார்க்க நினைக்கிற பிள்ளை நம் குடும்பத்தில் இவன் ஒருத்தன்தான். நான் வந்ததும் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குக் கூட்டிப்போகிறேன். இருளர் சங்கத்தில் விஷம் எடுப்பதை அங்கேயே பார்க்கலாம். பொதிகை எக்ஸ்பிரஸில் எனக்கும் அவனுக்கும் டிக்கெட் போடச் சொல், எனக்குக் கீழ் பெர்த். மச்சானுக்கு முதுகுவலித் தைலம் வாங்கி வைத்துவிட்டேன். அம்மாவுக்கு முட்டில் போடுகிற பட்டை எந்த அளவு என்று நூல் வைத்து அளந்து சொல்.

உன் தம்பி.

பி.கு.: மாடி அறையில் மீன் வளர்க்கிறேன் என்று சொல்லி மச்சானிடம் காசு வாங்கி அவன் நாலடிக் கண்ணாடித் தொட்டி வாங்கியிருக்கிறானாம், என்னிடம் படம் அனுப்பினான். தொட்டிக்குள் தண்ணீர் இல்லை, பல்பு எரிகிறது. நீ போய் மீனை ஒருதரம் பார்த்துவிட்டு வா.