அகத்தியர் மலையடியில் ஓர் ஏப்பம்

ஆட்டுக்கறியாக இலையில் வந்து விழுந்த வாதாபி என்ற அசுரனை, வயிற்றைத் தடவியே செரித்தவர் அகத்தியர். கடலையே குடித்ததாகவும் கதை உண்டு. அந்த முனிவர் பேரில் 1868 மீட்டர் உயரத்துக்கு ஒரு மலை நிற்கிறது. அதற்கு ஏறும் வழி தொடங்கும் போனக்காட்டில், பழைய தேயிலைத் தோட்டத்து லயத்துத் திண்ணையில், அரை கிளாஸ் கட்டன் டீயைச் செரிக்க முடியாமல் ஒருவர் நெஞ்சைத் தடவிக்கொண்டிருப்பார். நீங்கள் தேடிப் போக வேண்டாம், அவரே கூப்பிடுவார்.

பேர் எதற்கு? அண்ணாச்சி என்று வைத்துக்கொள்வோம். இவர் தனி ஆள் அல்ல, ஓர் இனம். தக்கலையிலும் பாளையங்கோட்டையிலும் தெருவுக்கு ஒருவர் உண்டு. போனக்காட்டில் இருப்பது மலைப் பதிப்பு.

விதுராவிலிருந்து ஆனவண்டி என்னும் அரசு பஸ்ஸில் வந்து இறங்குகிறவரை மற்றவர்கள் “சுகமா?” என்று கேட்பார்கள். அண்ணாச்சி கேட்பது, “காலம்பற தின்னது செமிச்சுதாடே?” நீங்கள் தலையாட்டினால் அவர் முகம் வாடிவிடும். ‘லேசா எரியுது’ என்று மட்டும் சொல்லிப் பாருங்கள், பாய் விரித்து உட்கார வைத்து உங்களுக்குப் பத்தியம் எழுதத் தொடங்கிவிடுவார். புளி கூடாது. காந்தாரி மிளகாயைக் கண்ணாலும் பார்க்கக் கூடாது. சக்கை கேஸ், மரச்சீனி அதைவிடக் கேஸ். கருவாடு? “பேச்செடுக்காத!”

இந்தச் சட்டமெல்லாம் உங்களுக்குத்தான். அடுக்களையில் மரச்சீனி வெந்து, அம்மியில் காந்தாரிச் சம்மந்தி அரைபடும் வாசம் வந்தால் அண்ணாச்சியின் அரசியல் சாசனத்துக்கு உடனே ஒரு திருத்தம் வரும். “அவிச்சதுதானே, எண்ணெயா கெடக்கு?”

தேயிலை விவகாரம் இன்னும் சிக்கல். தொழிற்சாலை ஓய்ந்து பல வருடமாகிறது, செடிகள் மரமாய் வளர்ந்து நிற்கின்றன. அண்ணாச்சியின் கட்டன் மட்டும் ஓயவில்லை. விடியலில், வெறும் வயிற்றில், முதல் கிளாஸ். “தேயிலைக்குள்ளேயே பொறந்தவனுக்கு டீ ஆகாதுன்னு சொல்லுகவன் என்ன டாக்டரு?” உண்மையில் டாக்டர் அப்படிச் சொல்லியிருக்கவும் மாட்டார். டீ எல்லோருக்கும் எரிவதில்லை. எதைக் குடித்தால், எதைத் தின்றால் தனக்கு எரிகிறது என்று கவனித்து அதைக் குறைக்கத்தான் சொல்வார்கள். கவனித்துப் பார்த்தால் கட்டன் மாட்டிக்கொள்ளும் என்று அண்ணாச்சிக்குத் தெரியும். ஆகவே கவனிப்பதில்லை.

விஷயம் இவ்வளவுதான். உணவுக்குழாய் இரைப்பையில் சேருமிடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. போனதைத் திரும்ப மேலே விடாமல் இறுக்கிப் பிடிப்பது அதன் வேலை. அது நேரங்கெட்ட நேரத்தில் தளர்ந்தால் அமிலம் நெஞ்சுக்கு ஏறும். கொழுப்பு மிகுந்த சாப்பாடு, சாராயம், புகை, புதினா எல்லாம் அதைத் தளர்த்தக்கூடியவை. அண்ணாச்சி எரிச்சலுக்கு மருந்தாகச் சட்டைப்பையில் வைத்திருப்பது பெப்பர்மின்ட் மிட்டாய்.

மாத்திரையும் உண்டு. அமிலம் சுரப்பதையே அடக்கும் அந்த வகையைச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னால் போட்டால்தான் முழுப் பலன். அண்ணாச்சி போடுவது, தின்று முடித்து எரியத் தொடங்கிய பிறகு. “எரிஞ்சாத்தானே மக்கா அணைக்கணும்?” தீயணைப்புத் துறைக்கு இவரைப் போல் ஒரு விசுவாசி கிடைப்பது கடினம்.

ராத்திரிதான் பெரிய கூத்து. சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது கழித்துப் படுங்கள், கட்டிலின் தலைமாட்டை ஓர் அரையடி உயர்த்துங்கள், இடப்பக்கம் திரும்பிப் படுங்கள் என்று டாக்டர் சொன்னார். கட்டிலுக்குச் செங்கல் வைத்தார்கள். விடியுமுன் அண்ணாச்சி சறுக்கிக் கால்மாட்டில் குவிந்துகிடக்க, வீட்டம்மா செங்கலை எடுத்து அடுப்புக்குப் பக்கம் போட்டுவிட்டார். சாப்பிட்டுச் சற்று நடக்கலாமே என்றால், “நான் நடந்தா காட்டுப்போத்தும் கூட நடக்குமேடே!” இந்த ஊரில் இது சாக்கு அல்ல, அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்பது மணிச் சாப்பாட்டை ஆறு மணிக்குச் சாப்பிட எந்தக் காட்டெருமை தடுத்தது? பாதி வயிற்றோடு எழுந்தால் எந்த யானை கோபிக்கும்?

அகத்தியர்மேலும் அண்ணாச்சிக்கு ஒரு வழக்கு உண்டு. 1987-ல் இந்த மலைக்காட்டில், கூட வந்த காணிப் பழங்குடியினர் மென்ற காயைப் பார்த்துத்தான் விஞ்ஞானிகள் ஆரோக்கியப்பச்சை என்ற செடியைப் பற்றி அறிந்தார்கள். அதிலிருந்து பாலோடு தாவரவியல் தோட்டத்தில் ‘ஜீவனி’ என்ற மருந்து பிறந்தது. அது களைப்புக்கு. “மலையேறுகவனுக்குக் குடுத்தாரு. அடிவாரத்துல இருக்கவனுக்கு ஒரு எலை காட்டக் கூடாதா?” காட்டினாலும் இவர் அதைக் காந்தாரி வைத்துத் துவையல் அரைத்திருப்பார்.

மலையேறப் போகிறவர்கள் அவர் பேச்சைக் கேட்டு ரசியுங்கள், கட்டன் தந்தால் குடியுங்கள். ஆனால் விழுங்கும்போது சோறு தடுக்கினாலோ, காரணமில்லாமல் எடை இறங்கினாலோ, மலம் தார்போல் கறுத்தாலோ, நெஞ்சுவலி கைக்கும் தாடைக்கும் பரவினாலோ அந்தத் திண்ணையில் உட்கார வேண்டாம். கிடைத்த வண்டியில் ஏறி விதுரா தாலுகா ஆஸ்பத்திரிக்கு இறங்குங்கள். முடிந்தால் அண்ணாச்சியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.