கொழுந்துச் சாக்கின் சூடு: கழிவு பற்றிய ஓர் ஆராய்ச்சி

கம்பளைப் பக்கத் தோட்டங்களில் தீராத வழக்கு ஒன்று உண்டு. மலையில் கூடை நிறைய எடுத்த கொழுந்து, மடுவத்துத் தராசில் ஏறும்போது குறைந்துவிடுகிறது. எங்கே போகிறது? இதில் இரு மரபினர் உளர். கழிவு வெட்டுகிறவரே காரணம் என்பது லயத்து மரபு. ஈரம் காய்ந்தது என்பது தராசு மரபு. சாக்குக்குள் கைவிட்டுப் பார்த்தவர் இரு தரப்பிலும் இலர்.

ஆய்வாளர் விட்டுப் பார்த்தார். அமுக்கிக் கட்டிய சாக்கு. முழங்கை மறைந்ததும் உள்ளே இளஞ்சூடு, அடைக்கோழியின் வயிற்றடி மாதிரி. நடுவிலிருந்த இலைகள் சிவக்கத் தொடங்கியிருந்தன. "என்ன தம்பி, கொழுந்துக்குக் காய்ச்சலா பாக்குறீங்க?" என்றார் ஓர் அக்கா. கேள்வி அறிவியல்பூர்வமானது என்பதால் பதிவு செய்கிறேன்.

கிள்ளியதும் கொழுந்து செத்துவிட்டது என்று நினைக்கிறோம். அந்தச் செய்தி அதற்குப் போய்ச் சேர நேரமாகும். அதுவரை ஒவ்வொரு கலமும் கையிருப்புச் சீனியை உடைத்துச் சுவாசித்துக்கொண்டே இருக்கும். குளுக்கோசு குழியவுருவில் இரண்டாக உடைந்து, பிறகு இழைமணிக்குள் போய், 1937இல் கிரெப்ஸ் கண்ட வட்டத்தில் சுற்றும். அடுத்த கட்டத்துக்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம், மேலே கொத்மலை அணை இருக்கிறது. நீரைத் தேக்கி, நிலத்தடியில் 3 சுழலிகளைச் சுற்றவைத்து 1985 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். இழைமணி தேக்குவது ஐதரசன் அயன்களை. அவை திரும்பிப் பாயும் வழியிலும் ஒரு சுழலி. ஒரு சுற்றுக்கு 3 ஏ.டி.பி, கலத்தின் சக்திக் காசு. பீட்டர் மிச்செல் 1961இல் அயன் தேக்கத்தைப் பற்றிச் சொன்னபோது பலர் நம்பவில்லை. 1978இல் நோபல் பரிசே கொடுத்துவிட்டார்கள்.

இனிக் கழிவு. ஒரு குளுக்கோசுக்கு 38 ஏ.டி.பி என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோம். இப்போது 30, மிஞ்சினால் 32 என்கிறார்கள். அணை கசிகிறதாம், ஏற்றுக்கூலி வேறாம். சீனியின் சக்தியில் பாதிக்கு மேல் வெப்பமாகவே போகிறது. சாக்கின் காய்ச்சல் அதுதான். இவ்வளவு குறைத்துக் கொடுத்தும் இழைமணிக்கு எவரும் அரைநாள் சம்பளம் என்று அரைப்பேர் போட்டதில்லை.

ஆக, எடையில் ஒரு பங்கை இலையே தின்றது. சிறு பங்குதான், ஒரு பொழுதுக்குள் தராசு முள் அதற்காக அசையாது. ஈரம் போனதும் உண்மை என்பதால் தராசு மரபுக்கும் ஒரு புள்ளி கொடுத்து, முடிவை அக்காவிடம் சமர்ப்பித்தேன்.

"சரி தம்பி. எல தின்னது, காஞ்சது எல்லாம் போகட்டும். மிச்சம் ரெண்டு கிலோ?"

ஆய்வாளர் சாக்கின் வாயைக் கட்டத் தொடங்கினார்.